எமர்சனையும் தோரோவையும் பி.ஏ. மாணவர்களுக்கு எங்கே தொடங்கிச் சொல்லித்தருவது?

மலைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுக்கிறேன். இந்த செமஸ்டரில் இரண்டாம் ஆண்டுக்கு அமெரிக்க இலக்கியத் தாள் என் பொறுப்பு. உரைநடை யூனிட்டில் எமர்சனின் 'செல்ஃப் ரிலையன்ஸ்', தோரோவின் 'வால்டன்' நூலிலிருந்து சில பகுதிகள். கவிதையில் விட்மன். பிள்ளைகளில் பாதிக்கு மேல் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் எமர்சனின் ஒரு பத்தியைக் கொடுத்தால் மூன்றாவது வரியிலேயே கைடைத் தேடுகிறார்கள்.

கைடில் டிரான்சென்டென்டலிசத்தின் (எமர்சன், தோரோ வட்டத்தின் சிந்தனைப் போக்குக்கு அதுதான் பெயர்) கொள்கைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இயற்கை மீது பக்தி, தனிமனிதச் சுதந்திரம், உள்ளுணர்வு, எங்கும் நிறைந்த கடவுள். அவ்வளவுதான். அதை உருப்போட்டு எழுதினால் மார்க் வந்துவிடும். ஆனால் 1830களில் பாஸ்டன் பக்கத்தில் கொஞ்சம் பேர் ஏன் அப்படிக் கொதித்தார்கள், ஏன் வேலையை விட்டார்கள், ஏன் ஜெயிலுக்குப் போனார்கள் என்பது அந்தப் பட்டியலைப் படித்த பிள்ளைக்குத் துளியும் விளங்காது. எனக்கு அதை விளங்கவைக்க வேண்டும். பாடம் எடுத்தவர்கள், படித்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். முதல் வகுப்பில் எதைக் கையில் எடுக்கலாம்?

பழைய வாத்தியார் எழுதியது:

மேடம், பட்டியலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் வகுப்பில் ஒரு ராஜினாமாவைச் சொல்லுங்கள்.

எமர்சன் பாதிரியார் வீட்டுப் பிள்ளை. ஹார்வர்டில் படித்தவர். பாஸ்டனில் செகண்ட் சர்ச் என்ற யூனிடேரியன் சபைக்கு (திரித்துவம் இல்லை, கடவுள் ஒருவரே என்னும் கிறிஸ்தவப் பிரிவு) பாதிரியார் ஆனார். நிலையான சம்பளம், ஊரில் மரியாதை, எல்லாம் இருந்தது. 1831-ல் மனைவி எலன் காசநோயில் இறந்துபோகிறாள். அவளுக்கு வயது 19. மறு வருஷம் இவர் சபையார் முன்னால் நின்று, இராப்போஜனச் சடங்கை இனி என்னால் நடத்த முடியாது, அதை என்றென்றைக்கும் நடத்தச் சொல்லி இயேசு கட்டளையிட்டதாக நான் நம்பவில்லை என்கிறார். சபை அதை ஏற்கவில்லை. 29 வயதில் வேலையை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறார்.

இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். நம்பாத ஒரு சடங்கைச் சம்பளத்துக்காகச் செய்வதில் என்ன தப்பு? சபை முழுக்க அதில் ஆறுதல் அடையும்போது ஒருத்தருடைய மனசாட்சி அவ்வளவு பெரிதா? வகுப்பு இரண்டாகப் பிரியும், பாருங்கள். நான் எடுத்த எல்லா வருஷமும் பிரிந்தது. அந்தச் சண்டை சூடாக இருக்கும்போதே 'செல்ஃப் ரிலையன்ஸ்' கட்டுரையின் முதல் இரண்டு பக்கத்தைக் கையில் கொடுங்கள். உன் மனதுக்குள் உண்மையென்று படுவதை நம்பு என்று அவர் 1841-ல் அச்சில் எழுதியதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே அதற்கான விலையைக் கொடுத்துவிட்டார் என்பது அப்போது தானாகப் புரியும்.

அடுத்த வகுப்புக்கு 1838 ஜூலை 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்ட் இறையியல் பள்ளியில் படிப்பை முடித்து வெளியேறும் மாணவர்களே அவரைப் பேச அழைத்தார்கள். அந்த உரையில் ஒரு இடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எமர்சன் கோயிலில் உட்கார்ந்திருக்கிறார். வெளியே பனி கொட்டுகிறது. பிரசங்கம் செய்பவரைப் பார்க்கிறார், அவருக்குப் பின்னால் ஜன்னலில் விழும் பனியைப் பார்க்கிறார். பனி நிஜமாக இருந்தது, பிரசங்கியார்தான் ஆவி மாதிரி இருந்தார் என்கிறார். அந்த மனிதர் எப்போதாவது சிரித்தாரா, அழுதாரா, கல்யாணம் ஆனவரா, யாரிடமாவது ஏமாந்தாரா என்பதற்கு அவர் பேச்சில் ஒரு சொல்கூடச் சாட்சி இல்லை. வாழ்ந்ததை உண்மையாக மாற்றிக் கொடுப்பதுதானே பிரசங்கியாரின் வேலை, அதை இவர் கற்கவே இல்லையே என்பதுதான் புகார். நாளைக்குப் பாதிரியார்களாகப் போகிறவர்களிடம், அவர்களுடைய ஆசிரியர்களை எதிரே வைத்துக்கொண்டே இதைச் சொன்னார். அதற்குப் பிறகு ஏறத்தாழ முப்பது வருஷம் ஹார்வர்ட் அவரைப் பேசக் கூப்பிடவில்லை.

இந்த இரண்டு சம்பவமும் தெரிந்த பிள்ளைக்கு உள்ளுணர்வு என்ற சொல்லைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மெரினாக்காரன் எழுதியது:

ஐயா சொல்வது சரிதான், ஆனாலும் நம் பிள்ளைகளுக்கு இவ்வளவு சுற்றுவழி எதற்கு? யூனிடேரியன் சபை, இராப்போஜனம் எல்லாம் அவர்களுக்கு எட்டாத விஷயம். நேராகக் கீதையிலிருந்து தொடங்கலாமே! தோரோ, பாஸ்டனுக்குப் பக்கத்துக் கான்கார்ட் ஊரில் வால்டன் குளக்கரையில் வீடு கட்டி வாழ்ந்தபோது கீதை படித்தவர். தினமும் காலையில் பகவத் கீதையின் தத்துவத்தில் என் அறிவைக் குளிப்பாட்டுகிறேன் என்று அவரே எழுதியிருக்கிறார். எமர்சன் 'பிரம்மா' என்றே ஒரு கவிதை எழுதினார். எல்லா உயிரிலும் உறையும் ஒரே ஆன்மா என்று அவர் சொல்லும் 'ஓவர் சோல்' பரமாத்மா இல்லாமல் வேறென்ன? இது நம் வேதாந்தம்தான், ஆங்கிலத்தில் வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைகள் கப்பென்று பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. குளிர்காலத்தில் வால்டன் குளத்தின் பனிக்கட்டியை வெட்டி எடுக்கிறார்கள். சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், மதராஸ், பம்பாய், கல்கத்தா ஜனங்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று தோரோ எழுதுகிறார். நம் மெரினா எதிரில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியை வைக்க 1842-ல் கட்டியது. பின்னாளில் அதே கட்டடத்தில் விவேகானந்தர் தங்கினார், இன்று அது விவேகானந்தர் இல்லம். இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா?

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி, ஐஸ் ஹவுஸ் விஷயம் அருமையான விஷயம், அவசியம் சொல்ல வேண்டும். ஆனால் மதராஸ் வரி வருவதற்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்றும் பிள்ளைகளைப் படிக்க விடுங்கள். நூறு ஐரிஷ்காரர்கள், மேலே சில அமெரிக்க மேஸ்திரிகள், தினமும் பாஸ்டன் பக்கத்துக் கேம்பிரிட்ஜிலிருந்து வந்து வெட்டினார்கள். நன்றாக வேலை ஓடிய நாளில் ஆயிரம் டன். 1846-47 குளிர்காலத்தில் குவித்த அந்த மலை பத்தாயிரம் டன் இருக்கும் என்று ஒரு மதிப்பு. வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். ஜூலையில் பிரித்து ஒரு பகுதியைக் கொண்டுபோனார்கள். மிச்சம் அப்படியே வெயிலில் கிடந்து, 1848 செப்டம்பர் வரை கரைந்துகொண்டே இருந்ததாம். பெரும்பகுதியைக் குளமே திரும்ப எடுத்துக்கொண்டது என்று தோரோ எழுதுகிறார்.

ஆக, அந்த மதராஸ் வரி சரக்குக் கணக்கு இல்லை. தன் குளத்துத் தண்ணீர் கங்கையோடு கலப்பதாக அவர் காணும் கனவு. காலையில் கீதை படித்துவிட்டுத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போகிறார், அங்கே ஒரு பிராமணரின் வேலையாளைச் சந்திக்கிறார், இருவருடைய வாளியும் ஒரே கிணற்றுக்குள் உரசிக்கொள்கின்றன. அந்தக் கற்பனையின் தொடர்ச்சிதான் இது. கனவு என்று தெரிந்து படித்தால் அந்தப் பக்கம் இன்னும் அழகு.

வேதாந்தத்துக்கு வருகிறேன். அதில் தொடங்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வருஷங்களைப் பாருங்கள். 'நேச்சர்' 1836, இறையியல் பள்ளி உரை 1838, 'செல்ஃப் ரிலையன்ஸ்', 'ஓவர் சோல்' இரண்டும் 1841. கீதையின் பிரதி எமர்சன் கைக்கு வந்தது 1845-ல். அதற்கு முன்பே இந்தியச் சிந்தனை அவருக்கு அங்கங்கே எட்டியிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவரை உலுக்கியவை பிளேட்டோ, ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ், கோல்ரிட்ஜ் வழியாக வந்த ஜெர்மானியத் தத்துவவாதிகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சொந்தச் சபையோடு நடந்த சண்டை. ஐம்புலன் வழியாக வராத அறிவே கிடையாது என்று ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் சொன்னதை யூனிடேரியன் சபை ஏற்றிருந்தது. அதனால் கடவுளை நம்புவதற்குக்கூட பைபிளில் வரும் அற்புதங்கள்தான் சாட்சி என்றது. பழைய அற்புதம் எனக்கு எதற்கு, புல் முளைப்பதும் மழை பெய்வதும் போதாதா என்று இவர்கள் கேட்டார்கள். இது ஒரு குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட ஆட்களோடு நடந்த சண்டை.

"இது நம் வேதாந்தம்தான்" என்று சொன்ன அந்த நிமிஷமே பிள்ளை நோட்டை மூடிவிடும். தெரிந்த விஷயமாகிவிட்டதே, இனி எமர்சனை எதற்குப் படிக்க வேண்டும்? கீதையைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள். கொல்பவன் கொல்கிறேன் என்று நினைத்தால் அவனுக்கு விஷயம் தெரியாது என்று தொடங்கும் 'பிரம்மா' கவிதையை (1857) அப்போது கொடுத்தால், கீதையின் இரண்டாம் அத்தியாயம் தெரிந்த பிள்ளை ஒன்று துள்ளி எழுந்து தானாகவே சொல்லும். நாம் சொல்லக் கூடாது. சார்ல்ஸ் வில்கின்ஸ் 1785-ல் லண்டனில் வெளியிட்ட மொழிபெயர்ப்பைத்தான் அவர்கள் படித்தார்கள், வாரன் ஹேஸ்டிங்ஸின் சிபாரிசோடு கிழக்கிந்தியக் கம்பெனி வெளியே கொண்டுவந்த புத்தகம் அது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூடல்நகர் எழுதியது:

இந்தத் தோரோவுக்கு இவ்வளவு மரியாதை தேவையா என்ற கேள்வியையும் வகுப்பில் வையுங்கள். காட்டில் தனியாக வாழ்ந்தேன் என்று புத்தகம் போட்டார். குளக்கரை நிலம் எமர்சனுடையது. அம்மா வீடு நடந்துபோகிற தூரம். குளத்தை ஒட்டியே ரயில் ஓடுகிறது. 'பேக்கர் ஃபார்ம்' அத்தியாயத்தில் ஜான் ஃபீல்ட் என்ற ஐரிஷ் கூலி விவசாயியின் ஒழுகும் குடிசைக்குள் மழைக்கு ஒதுங்கிவிட்டு, டீயும் காப்பியும் வெண்ணெயும் இறைச்சியும் வேண்டாம் என்றால் நீ இவ்வளவு உழைக்க வேண்டியதில்லை என்று உபதேசம் செய்கிறார். பசித்தவனிடம் எளிமையைப் போதிப்பது எந்த ஊர் நியாயம்? என் மாணவர்களில் பலர் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள். அவர்கள் முன்னால் நின்று "எளிமையாக வாழுங்கள்" என்று பாடம் எடுக்க எனக்கு வாய் வராது.

எமர்சனும் அப்படித்தான். 'செல்ஃப் ரிலையன்ஸ்' கட்டுரையிலேயே, ஏழைகளுக்கு உதவுவது என் கடமை என்று சொல்லாதே, அவர்கள் என்னுடைய ஏழைகளா என்று கேட்கிறார். அந்த வரியைக் கைடு போடாது.

பனிக்காடு எழுதியது:

கூடல்நகர் சார், நான் மாசசூசெட்ஸில் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். இங்கே பதினோராம் வகுப்பில் பல பள்ளிகளில் அமெரிக்க இலக்கியம்தான். உங்கள் கோபத்தோடுதான் என் பிள்ளைகளும் வருவார்கள். அம்மா துணி துவைத்துக் கொடுத்தாளாமே என்பது வகுப்பில் முதலில் எழும் குரல். நான் அதை அடக்குவதில்லை. புத்தகத்தைத் திறந்து காட்டுகிறேன். இரண்டொரு நாளுக்கு ஒருமுறை ஊருக்குள் போய் வம்பு கேட்டுவிட்டு வருவேன் என்று அவரே எழுதுகிறார். ஒரே நேரத்தில் இருபத்தைந்து, முப்பது பேர் என் வீட்டுக்குள் நின்றிருக்கிறார்கள் என்கிறார். ரயிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். நடுக்காட்டுச் சாமியார் என்ற படம் பிறகு வந்தவர்கள் வரைந்தது.

மலைச்சாரல் மேடத்துக்கு நான் சொல்வது, 'எகானமி' அத்தியாயத்தில் வரும் வீட்டுக் கணக்கோடு தோரோவைத் தொடங்குங்கள். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையும் அதை முழுசாகப் படித்துவிடும். பத்தடிக்குப் பதினைந்தடி வீடு. பலகை 8 டாலர் மூன்றரை சென்ட். கண்ணாடியோடு பழைய ஜன்னல் இரண்டு, 2 டாலர் 43 சென்ட். ஆயிரம் பழைய செங்கல் 4 டாலர். இரண்டு பீப்பாய் சுண்ணாம்பு 2 டாலர் 40 சென்ட், பக்கத்திலேயே "விலை அதிகம்" என்று குறிப்பு. சாந்தில் கலக்க முடி 31 சென்ட், "தேவைக்கு மேல் வாங்கிவிட்டேன்" என்று குறிப்பு. ஆணி 3 டாலர் 90 சென்ட். சாக்கட்டி 1 சென்ட். இன்னும் சில செலவும் சேர்த்து மொத்தம் 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். அடுத்த பக்கம் திருப்பினால், ஹார்வர்டில் இதைவிடக் கொஞ்சமே பெரிய ஒரு அறைக்கு மாணவன் வருஷத்துக்கு 30 டாலர் வாடகை கொடுக்கிறான் என்கிறார். ஹாஸ்டல் ஃபீஸ் கட்டும் பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு?

என் வகுப்பில் இதே மாதிரி அவரவர் வீட்டுச் செலவைப் பட்டியலிடச் சொல்வேன். எதற்காக எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டியிருக்கிறது என்று பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு பொருளின் விலை என்பது அதற்காக நாம் கொடுக்கும் ஆயுளின் அளவு என்ற தோரோவின் வாதம் அங்கேதான் இறங்கும். வாங்கவே முடியாதவனுக்கு இந்த வாதம் என்ன சொல்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்கட்டும், அதற்குத்தானே வகுப்பு.

கணக்கில் வரும் அந்தப் பலகையைப் பின்தொடர்ந்து போங்கள். ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ்காரர் ரயில்பாதை வேலைக்கு வந்தவர். அவருடைய குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்துத்தான் தோரோ பலகை எடுத்தார். காலை ஆறு மணிக்கு அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்து எதிரே நடந்து வருகிறது. படுக்கை, காப்பி அரைக்கும் மில், முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள் எல்லாம் ஒரே பெரிய மூட்டை. பூனை மட்டும் வரவில்லை. அது காட்டுக்குள் ஓடி, பிறகு ஒரு பொறியில் மாட்டிச் செத்தது என்று எழுதுகிறார். காலின்ஸ் குடும்பம் எங்கே போனது என்று எழுதவில்லை. போன வருஷம் ஒரு மாணவி கை தூக்கி, "பூனைக்கு என்ன ஆச்சு என்று சொல்கிறார், அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். கூடல்நகர் சார் கேட்கும் கேள்வியும் அதேதான் என்று நினைக்கிறேன். ஆனால் கேட்பதற்கான பொருளை அந்தப் பக்கமே கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'முன்பு குடியிருந்தவர்கள்' பற்றிய அத்தியாயத்தில், அதே காட்டில் முன்பு வாழ்ந்த கேட்டோ இங்கிரகாம், சில்ஃபா, பிரிஸ்டர் ஃபிரீமன் என்ற கறுப்பின மக்களைப் பெயர் சொல்லி எழுதியவரும் இவர்தான். அடிமைத்தளையில் இருந்து வந்தவர்கள் ஊருக்கு வெளியே காட்டோரம் ஒதுங்க வேண்டியிருந்ததை அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் பலர் மறந்தே போயிருப்பார்கள்.

கூடல்நகர் எழுதியது:

அந்த மாணவியின் கேள்வி நல்ல கேள்வி. ஜான் ஃபீல்ட் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் காலின்ஸ் குடும்பத்தையும் ஃபீல்ட் குடும்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பு எடுக்கலாம் என்று தோன்றுகிறது. எமர்சனின் ஏழைகள் வரிக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

செம்பருத்தி எழுதியது:

நான் ஆய்வு மாணவி, எமர்சன் வட்டத்து எழுத்தாளர் மார்கரெட் ஃபுல்லர் பற்றித்தான் ஆய்வு செய்கிறேன். இவ்வளவு நேரமாக ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கூடல்நகர் அண்ணா கேட்டதற்கு முதலில். அந்த வரியை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஊர் மெச்ச நன்கொடை கொடுக்கும் வழக்கத்தின் மேல் அவருக்குக் கோபம், அதற்காகத் தடித்த வார்த்தையை விட்டிருக்கிறார். ஆனால் அந்த வரி எழுதிய மனிதர் 1838-ல் செரோக்கீ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களை அவர்கள் நிலத்திலிருந்து விரட்டுவதை எதிர்த்து ஜனாதிபதி வான் பியூரனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1844 ஆகஸ்ட் 1 அன்று கான்கார்டில் அடிமை ஒழிப்பு பற்றிப் பேசினார். அந்தக் கூட்டத்தை நடத்தியது ஊர்ப் பெண்களின் அடிமை எதிர்ப்புச் சங்கம். தோரோவின் அம்மா, சகோதரிகள், எமர்சனின் மனைவி லிடியன் எல்லாம் அதில் இருந்தவர்கள். கோயில்கள் இடம் தர மறுத்தன. கூட்டத்துக்கு ஆள் கூட்ட மணி அடிக்கவும் கோயில் ஆள் முன்வரவில்லை. தோரோ ஓடிப்போய்த் தானே கயிற்றை இழுத்தார். துணி துவைத்துக் கொடுத்த அம்மா என்று எல்லோரும் பேசுகிறோமே, அந்த அம்மாதான் மகனுக்கு முன்பே அடிமை முறைக்கு எதிராகச் சங்கத்தில் சேர்ந்தவர். இதை வகுப்பில் சொல்லாமல் விடுவது அநியாயம்.

இப்போது ஃபுல்லர். அவருடைய அப்பா சின்ன வயதிலேயே லத்தீன் கற்றுக்கொடுத்தார். ஆனால் பெண் என்பதால் ஹார்வர்டில் சேர முடியாது. 1839 முதல் பாஸ்டனில் பெண்களுக்கென்று உரையாடல் வகுப்புகள் நடத்தினார். எலிசபெத் பீபாடியின் புத்தகக் கடை அதற்கு இடம் கொடுத்தது. பெண்கள் எல்லாவற்றையும் மேலோட்டமாகக் கற்கிறார்கள், கற்றதைச் சொந்தமாகச் சொல்லவோ எழுதவோ யாரும் அவர்களைக் கேட்பதில்லை என்பது அவர் கண்ட குறை. அதனால் சொற்பொழிவு கிடையாது. ஒரு கேள்வியை வைப்பார், வந்தவர்கள் யோசித்துப் பேச வேண்டும். 1840-ல் இந்த வட்டத்தார் தொடங்கிய 'டயல்' பத்திரிகைக்கு முதல் ஆசிரியர் அவர்தான். எமர்சன் அவருக்குப் பிறகு வந்தவர். 1843-ல் அதில் எழுதிய நீண்ட கட்டுரையை விரித்து 1845-ல் 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்' என்ற புத்தகமாக்கினார். எந்த வேலை வேண்டும் என்று என்னைக் கேட்டால் எந்த வேலையும் என்பேன், வேண்டுமானால் கப்பல் தலைவர்களாகவும் இருக்கட்டும் என்று அதில் எழுதுகிறார்.

அப்புறம் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் வேலை, ஐரோப்பாவிலிருந்து செய்திகள், 1849-ல் ரோமில் குடியரசுக்காக நடந்த சண்டையில் காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரிப் பணி. 1850 ஜூலையில் கணவரோடும் குழந்தையோடும் ஊர் திரும்பும்போது நியூயார்க் பக்கத்து ஃபயர் ஐலண்ட் கரைக்கு அருகிலேயே கப்பல் மணல்திட்டில் மோதி உடைந்தது. மூவருமே இறந்தார்கள். வயது 40. அவருடைய கையெழுத்துப் பிரதி ஏதாவது கரை ஒதுங்கியிருக்கிறதா என்று தேட எமர்சன் தோரோவை அனுப்பினார். கிடைக்கவில்லை.

உன்னை நம்பு என்று எமர்சன் எழுதினார், சரி. பெண் அப்படி நம்பினால் அவளுக்கு எந்தக் கதவு திறக்கும் என்று கேட்டவர் ஃபுல்லர். வகுப்பில் பாதிக்கு மேல் மாணவிகள் என்றால் இவர் இல்லாமல் அந்த யூனிட்டை முடிக்கவே கூடாது மேடம். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மலைச்சாரல் எழுதியது:

இவ்வளவு விரிவாக யாரும் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் வகுப்பில் ராஜினாமா, தோரோவுக்கு வீட்டுக் கணக்கு என்று முடிவு செய்துவிட்டேன். செம்பருத்தி, ஃபுல்லருக்கு ஒரு மணி நேரம் உறுதி.

இன்னும் இரண்டு சந்தேகம். 'நேச்சர்' நூலில் நான் ஒளி ஊடுருவும் கண்விழி ஆகிறேன் என்று வரும் இடம். கைடு அதைப் பெரிதாகப் போட்டிருக்கிறது, கேள்வியும் அடிக்கடி வருகிறது. அதை எப்படி எடுப்பது? இன்னொன்று, காந்தி. தோரோவிடமிருந்துதான் காந்தி சத்தியாக்கிரகத்தைக் கற்றார் என்று எழுதினால் போதுமா?

பழைய வாத்தியார் எழுதியது:

கண்விழிக்கு: அந்தப் பத்தியை வாசித்துவிட்டு, இதை அப்படியே படமாக வரையுங்கள் என்று பிள்ளைகளிடம் தாளைக் கொடுங்கள். சிரிப்பார்கள். பிறகு கிறிஸ்டஃபர் கிராஞ்ச் வரைந்த கேலிச்சித்திரத்தைக் காட்டுங்கள். நீண்ட ஒல்லிக் கால்கள், கோட்டு, தொப்பி, தலைக்குப் பதில் ஒரு பெரிய கண். கிராஞ்ச் வெளியாள் இல்லை, அதே வட்டத்தைச் சேர்ந்தவர். எமர்சனை மதித்தவர்களுக்கே அந்த வரி விசித்திரமாகத்தான் பட்டது என்று தெரிந்தால் பிள்ளைக்குத் தயக்கம் விலகும். சிரிப்பு அடங்கியதும் அந்தப் பத்தியின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். அந்தி நேரம், மேகம் மூடிய வானம், உருகும் பனிச் சேற்றில் ஒரு வெறும் மைதானத்தைக் கடந்து நடக்கிறார். மலையோ அருவியோ எதுவும் இல்லை. எந்தச் சிறப்பும் இல்லாத அந்த இடத்தில், பயம் வரும் அளவுக்குச் சந்தோஷப்பட்டேன் என்கிறார். கண்விழி அதற்குப் பிறகுதான் வருகிறது. தன்னை மறந்து வெறும் பார்வையாக நின்ற ஒரு நிமிஷம், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அந்த நிமிஷம் தெரியும். நாம்தான் கொள்கைப் பெயரைச் சொல்லி அதை மூடிவிடுகிறோம்.

அந்தச் சந்தோஷத்தோடு மட்டும் எமர்சனை விட்டுவிடாதீர்கள். 1842 ஜனவரியில் ஐந்து வயது மகன் வால்டோ செங்காய்ச்சலில் இறந்தான். இரண்டு வருஷம் கழித்து 'எக்ஸ்பீரியன்ஸ்' கட்டுரையில், துக்கம்கூட எனக்கு எதையும் கற்பிக்கவில்லையே என்பதுதான் என் துக்கம் என்று எழுதினார். நம்பிக்கையைப் போதித்தவருக்கே பிடி நழுவிய இடம் அது. பாடத்தில் இல்லையென்றாலும் ஒரு பத்தி படித்துக் காட்டுங்கள்.

காந்திக்கு: அப்படி எழுதினால் தப்பு. 1935-ல் கோதண்ட ராவுக்கு எழுதிய கடிதத்தில் காந்தியே அதை மறுத்தார். தென்னாப்பிரிக்காவில் போராட்டம் நன்றாக முன்னேறிய பிறகுதான் வரி கட்ட மறுத்தது பற்றித் தோரோ எழுதிய கட்டுரை தன் கைக்கு வந்தது என்றார். அதனால் பயன் இல்லை என்று பொருளில்லை. ஆங்கில வாசகர்களுக்குத் தன் போராட்டத்தை விளக்க அது அவருக்கு உதவியது, தன் பத்திரிகையில் அதன் பகுதிகளை வெளியிட்டார்.

மூலச் சம்பவத்தையும் சரியாகச் சொல்லுங்கள். 1846 ஜூலை. செருப்பு தைக்கக் கொடுத்ததை வாங்க ஊருக்குள் போன தோரோவை, பல வருஷமாகத் தலைவரி கட்டாததற்காக ஊர்க் காவலர் சாம் ஸ்டேப்பிள்ஸ் பிடித்து உள்ளே வைத்தார். அடிமை முறையைக் காக்கும், மெக்ஸிகோவோடு சண்டை போடும் அரசாங்கத்துக்கு வரி கட்ட மாட்டேன் என்பது தோரோவின் நிலை. ஒரே ராத்திரி. யாரோ வரியைக் கட்டிவிட்டார்கள், மறுநாள் வெளியே வந்து, தைத்த செருப்பை வாங்கிக்கொண்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஹக்கிள்பெரிப் பழம் பறிக்கப் போனார். அவருக்கு முன்பே, 1843-ல், அதே வட்டத்தைச் சேர்ந்த பிரான்சன் ஆல்காட் இதே வரிக்காகக் கைதானவர். கட்டுரை 1849-ல் வந்தபோது அதன் தலைப்பு 'சிவில் அரசுக்கு எதிர்ப்பு'. இப்போது எல்லோரும் சொல்லும் 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்' என்ற தலைப்பு அவர் இறந்த பிறகு 1866 பதிப்பில் வந்தது.

வேர்க்கால் எழுதியது:

நான் தாவரவியல் படித்தவன், இலக்கியம் தொலைவு. ஆனாலும் ஒன்று சேர்க்கிறேன். 1850களில் தோரோ கான்கார்டில் எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது என்று வருஷா வருஷம் குறித்துவைத்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரைமாக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்தக் குறிப்பை எடுத்து, அதே ஊரில் இன்று பூக்கும் தேதிகளோடு ஒப்பிட்டார்கள். பல செடிகள் இப்போது முன்கூட்டியே பூக்கின்றன, சில அந்த ஊரிலேயே இல்லை. பருவநிலை மாற்றத்துக்கு இவ்வளவு பழைய, இவ்வளவு நுணுக்கமான பதிவு அங்கே வேறு யாரிடமும் கிடைப்பது அபூர்வம். இயற்கை பக்தி என்று ஒரு வரியில் முடிக்கிறீர்களே, அந்த மனிதர் சேற்றில் இறங்கித் தேதி குறித்தவர். உங்கள் கல்லூரி வளாகத்தில் ஒரே ஒரு மரத்தை எடுத்து, செமஸ்டர் முழுக்கப் பிள்ளைகளைத் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். தோரோவின் நாட்குறிப்பும் இப்படித்தான் தொடங்கியது. 1837 அக்டோபர் 22 அன்று, நாட்குறிப்பு எழுதுகிறாயா என்று ஒருவர் கேட்டார், அதனால் இன்று முதல் குறிப்பு எழுதுகிறேன் என்றுதான் ஆரம்பம். கேட்டவர் எமர்சன் என்பார்கள்.

பனிக்காடு எழுதியது:

வேர்க்கால் சொன்ன பயிற்சியை நானும் செய்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும். அதற்கு மார்க் போடாதீர்கள் மேடம். மார்க் என்றதும் எல்லோரும் கடைசி வாரத்தில் உட்கார்ந்து எல்லாத் தேதியையும் கற்பனையில் எழுதிவிடுவார்கள். எழுதினார்களா என்று மட்டும் பாருங்கள், போதும். தோரோவே வாத்தியார்தான். கான்கார்ட் பொதுப் பள்ளியில் பிள்ளைகளை அடிக்கச் சொல்லி நிர்வாகத்தார் வற்புறுத்தியதால் சில வாரத்திலேயே வேலையை விட்டவர். பிறகு அண்ணன் ஜானோடு சேர்ந்து சொந்தப் பள்ளி நடத்தினார். அங்கே பிரம்பு கிடையாது, பிள்ளைகளை ஆற்றுக்கும் காட்டுக்கும் கூட்டிப்போய்ப் பாடம் எடுத்தார்கள்.

மெரினாக்காரன் எழுதியது:

ஐயா, கீதையைக் கடைசி வாரத்துக்கு வைப்பது என்றால் ஐஸ் ஹவுஸையும் அதோடு வைக்கலாம், எனக்குச் சம்மதம். சென்னைக் கல்லூரியாக இருந்தால் அந்த வாரம் பிள்ளைகளை அங்கேயே கூட்டிப்போய், பனிக்கட்டி கரைந்த அந்தப் பக்கத்தை வாசலில் வைத்துப் படிக்கலாம். விட்மன் வரும்போது ஒன்று சொல்லுங்கள் மேடம். பாரதி விட்மனைப் படித்து அவரைப் பற்றி எழுதியிருக்கிறார், ந. பிச்சமூர்த்தி புதுக்கவிதைக்கு வந்ததே விட்மனின் 'புல்லின் இதழ்கள்' படித்துத்தான். இது உண்மையிலேயே நம் பக்கம் வந்து சேர்ந்த கோடு.

கூடல்நகர் எழுதியது:

மேடம், இன்டர்னல் தேர்வு உங்கள் கையில்தானே இருக்கிறது? டிரான்சென்டென்டலிசத்தின் கொள்கைகளை விளக்குக என்ற கேள்வியை அதில் போடாதீர்கள். 'எகானமி' கணக்கிலிருந்து ஒரு வரியைக் கொடுத்து, இந்த வரியில் தோரோவோடு எங்கே உடன்படுகிறாய், எங்கே சண்டை போடுவாய் என்று கேளுங்கள். கைடு பார்த்து அதற்கு எழுத முடியாது. பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பட்டியல் வேண்டுமென்றால் கடைசி வகுப்பில் பிள்ளைகளையே தயாரிக்கச் சொல்லுங்கள், கைடைவிட நன்றாக வரும்.

மலைச்சாரல் எழுதியது:

அப்படியே செய்கிறேன் சார். ஜான் ஃபீல்ட் பகுதியையும் காலின்ஸ் பகுதியையும் ஒரே தாளில் அச்செடுத்து வைத்திருக்கிறேன், வரும் திங்கள் அதுதான் பாடம். செம்பருத்தி, ஃபுல்லரின் 1843 கட்டுரையில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்துக்குள் படிக்கக்கூடிய இரண்டு பக்கத்தை நீங்களே தேர்ந்தெடுத்துத் தர முடியுமா? எனக்கு முழுக் கட்டுரையும் பிடித்துப்போனதால் எதை விடுவது என்று தெரியவில்லை.

செம்பருத்தி எழுதியது:

தருகிறேன் மேடம். மிராண்டா என்ற பெண்ணைப் பற்றி வரும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா அவளைச் சரிசமமாக நடத்தி வளர்க்கிறார், அவள் எதற்கும் யாரையும் நம்பி நிற்காமல் வாழ்கிறாள். படித்தவர்கள் அது ஃபுல்லர் தன்னைப் பற்றியே எழுதியது என்பார்கள். தன்னம்பிக்கையை என்னிடம் மெச்சினார்கள், மற்றப் பெண்களிடம் அதையே குற்றமாகச் சொல்கிறார்கள் என்று மிராண்டா பேசும் இடம் வரும். 'செல்ஃப் ரிலையன்ஸ்' முடித்த அடுத்த வகுப்பிலேயே வையுங்கள், இடைவெளி விடாதீர்கள். கடினமான சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன், வேறு கல்லூரியில் எடுப்பவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.